ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய்க் குச்சி

ஸ்னூக்கர் மேஜையில் பந்தடிக்கிற குச்சிக்குக் கியூ என்று பெயர். அதை வாங்கத் தெரியாதவன் முதலில் அதன் பளபளப்பைத்தான் பார்ப்பான். தெரிந்தவன் அதை மேஜைமேல் கிடத்தி உருட்டிப் பார்ப்பான். நுனி துள்ளாமல் உருண்டால் மரம் நேர். நான் வாங்கினது துள்ளவில்லை.

ஆறாம் ரூமில் பாண்டிச்செல்வியும் முத்துச்செல்வியும் செத்ததைப் பற்றிக் கேட்க வந்தால் இவன் குச்சியைப் பற்றிப் பேசுகிறானே என்று உங்களுக்குத் தோன்றும். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி, ஐயா.

நாரணாபுரத்தில் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக நான் போர்மேன். ரத்தினசாமி என்று சொன்னால் ரூமுக்கு ரூம் தெரியும். சம்பளம் இருபத்திரண்டாயிரம். என் அப்பா கரிசல்காட்டில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர். அந்த மண்வெட்டியும் அவருடையது கிடையாது.

சிவகாசியில் ஒரு அச்சாபீஸ் மாடியில் ஸ்னூக்கர் சென்டர் இருக்கிறது. வேலை விட்டதும் அங்கே போய் எயிட் பால் ஆடுவேன். வருகிறவர்களுக்கென்று சுவரில் சாத்தி வைத்திருக்கிற பொதுக் குச்சியில் ஆடிக்கொண்டிருந்தவரை நான் அங்கே ஓர் ஆளாகவே இல்லை. ஜெயசுந்தர் என்று ஓர் அச்சாபீஸ் முதலாளி. அவரிடம் நாலு கியூ. முதல் அடிக்கு ஒன்று, பந்தைத் தாண்டி அடிக்க ஒன்று, ஆட இரண்டு. ஆட்டத்துக்கு வைத்திருப்பதில் ஒன்று மட்டும் ஒன்றரை லட்சம். நான் ஒரு நாள் அதைச் சும்மா தொட்டுப் பார்த்தேன்.

"ஏலே ரத்தினம், வெடிமருந்துக் கையோட அதத் தொடாதலே. மேஜையோட சேந்து நாங்களும் மேல போயிருவோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அலுமினியப் பொடி நகத்திடுக்கில் நிற்கும். எந்தச் சோப்புக்கும் போகாது.

ஐம்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு கியூ வாங்கினேன். பெட்டி நாலாயிரம். நுனியில் ஒட்டுகிற தோல் மட்டும் எண்ணூறு. அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சம்பளத்தில் முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

மருந்து காலையில் கலப்பார்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே வெடிக் குழாய்களுக்குள் செலுத்தி முடிக்க வேண்டும். சாயங்காலம் மீந்ததைக் குழியில் கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். விடியும்வரை வைத்திருந்தால் ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே சூடேறும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் போர்மேன். நான் அழித்ததாக எழுதிவிட்டு, தட்டில் துணி போட்டு மூடி வைப்பேன். மறுநாள் பொம்பளையாட்கள் வந்ததும் முதல் வேலையாக அதைச் செலுத்தச் சொல்வேன். அந்தச் சரக்கு கம்பெனிக் கணக்கில் வராது. ஆமத்தூரிலிருந்து ஓர் ஆள் வந்து என் கையில் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். ஒரு சீசன் முழுக்க இப்படி ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

கியூவை லேபிள் ரூமில் வைத்திருந்தேன். என் வீட்டுக்குத் தகரக் கூரை. வெக்கையில் மரம் வளைந்துவிடும். லேபிள் ரூம் குளிர்ச்சி. கம்பெனிக்குள் இரும்பு வரக்கூடாது, பொறி கிளம்பும். என் கியூவை இரண்டாகக் கழற்றிப் பூட்டுகிற மரை பித்தளை. வாங்கும்போதே கேட்டுத்தான் வாங்கினேன். அந்த விஷயத்தில் நான் கவனமான ஆள்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஆறாம் ரூமைத் திறந்தேன். முந்தின ராத்திரி தூறல். தட்டை மூடிய துணி நசநசத்திருந்தது. உள்ளே கைவைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி.

அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆட்களை வெளியே நிறுத்தி, மேனேஜரைக் கூப்பிட வேண்டும். மேனேஜர் வந்தால், நேற்று அழித்த மருந்து இன்றைக்கு எப்படித் தட்டில் இருக்கிறது என்று கேட்பார். வேலை போகும். கியூவுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பாண்டிச்செல்வி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்னண்ணே, வெதுவெதுன்னு இருக்கு?"

"ரூமு அடைச்சுக் கெடந்துச்சுல்ல. அப்படித்தான் இருக்கும். வேலையப் பாரு."

"போர்மேன் சொன்னா சரிதான். எங்களுக்கு ஆபீசருக இவுகதான்டி" என்று முத்துச்செல்வியிடம் சொன்னாள். முத்துச்செல்வி வேலைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

நான் லேபிள் ரூமுக்குப் போனேன். இரண்டு ரூமுக்கும் நடுவே ஒரு சுவரும் கொஞ்சம் காலி இடமும்தான். ஆறில் ஏதாவது ஆனால் லேபிள் ரூமும் மிஞ்சாது. பெட்டியை எடுத்து, திறந்து, கியூ உள்ளே இருக்கிறதா என்று பார்த்தேன். மூடினேன். கேட்டுக்குப் போக ஆறாம் ரூம் வாசலைத் தாண்ட வேண்டும்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஆமாம், வெடிக்கும் என்று தெரிந்துதான் எடுத்துக்கொண்டு போனேன். எப்போது என்பதுதான் தெரியாது. கேட்டைத் தாண்டி முப்பதடி நடந்திருப்பேன், அதற்குள் ஆறாம் ரூம் வெடித்துவிட்டது. சூலக்கரை கலெக்டர் ஆபீசில் எழுதிய தாளில் 'எதிர்பாராத விபத்து' என்று இருக்கிறதாம். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வாசலைத் தாண்டும்போது பாண்டிச்செல்வி தலையைத் தூக்கிப் பார்த்தாள். நீளப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

"என்னண்ணே, காலங்காத்தால பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டீக?"

முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இங்கன சூடு அதிகம்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அதனால், நான் அவர்களை எச்சரிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா.