அடுப்படிக்கு எடுத்த வெள்ளை டைல்ஸ்

அடுப்படிக்கு டைல்ஸ் எடுக்கப் போகிறவர்கள் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது, இன்ஸ்பெக்டரம்மா. கடையிலேயே ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி டைல்ஸ் மேல் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன்.

பழைய சிமெண்ட் தரை அங்கங்கே பெயர்ந்து கிடந்தது. மருமகள் சத்யப்பிரியாவுக்கு அப்போது ஆறாம் மாதம். கால் தடுக்கிவிடும், தரையை மாற்றிவிடலாம் என்று என் மகன் அறிவரசன்தான் சொன்னான். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் போய் நானே எடுத்தேன். கடைக்காரர் அரியமுத்து நல்ல மனிதர். சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸைக் காட்டி, நாள்பட உழைக்கும், விலையும் குறைவு என்றார். அதை என் குளியலறைக்கு எடுத்துக்கொண்டேன். அடுப்படிக்குப் பளபளவென்று இருந்த வெள்ளையைக் கேட்டேன்.

"அது ஹாலுக்குப் போடறதுங்க்கா. தண்ணி பட்டா வழுக்கிரும். அடுப்படிக்கு வேணாங்க," என்றார்.

மிதித்துப் பார்த்தபோதே எனக்கும் அது தெரிந்திருந்தது. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

சத்யப்பிரியா மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அவள் அம்மா ஆண்டாயி எங்கள் வயலில் நாற்று நட்டவள், கொல்லைப் பக்கம் நின்று கூலி வாங்கிப் போனவள். மகளைப் படிக்க வைத்தாள். மகள் ஆபீஸ் வேலைக்குப் போய் என் மகனைக் கட்டிக்கொண்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறக்கிற பையனுக்குத் தாத்தா பேர் வைப்பது எங்கள் வழக்கம். ஆண் பிள்ளை பிறந்தால் அப்பா பேர்தான் என்று அறிவரசன் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். செத்துப்போன என் வீட்டுக்காரர் பெயர். முப்பது வருடமாக நான் வாயால் சொன்னதில்லை. உங்களுக்கும் காகிதத்தில்தான் எழுதித் தந்தேன். அந்தப் பெயரை ஆண்டாயி மடியில் போட்டுக் கொஞ்சுவாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் சொன்னார் என்று சத்யப்பிரியா ரப்பர் செருப்போடு சமைக்க வந்தாள். சாமி படம் இருக்கிற அடுப்படியில் செருப்பா என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் வெளியே கழற்றி விட்டாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பெண், அதில் குறை சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அறிவரசன் வேலைக்குப் போன பிறகு, சோறு வடித்த கஞ்சியை ஆற வைத்து அடுப்புக்கு முன்னால் ஊற்றிப் பரப்பினேன். வெள்ளைத் தரையில் கஞ்சி கண்ணுக்குத் தெரியாது. குழம்பு கொதிக்கிறது, வந்து இறக்கு என்று கூப்பிட்டேன்.

வயிற்றில் இருந்தது மட்டும் போயிருந்தால் எனக்குப் போதும். சமையல் மேடையின் விளிம்பில் அவள் தலை அடிபடும் என்று நான் நினைக்கவில்லை. "அத்த" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். தரையைத் துடைத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு 108-க்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு உயிரும் இல்லை என்றார்கள்.

குடத்துத் தண்ணீர் சிந்தி வழுக்கிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அவள் கட்டியிருந்த புடவை ஆண்டாயி கைக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. துவைக்க மனமில்லாமல் அப்படியே கொடியில் போட்டிருக்கிறாள். பதினாறாம் நாள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். கொல்லைப் பக்கம் அல்ல, நேராக வாசலுக்கு.

"தண்ணி சிந்துச்சுன்னு சொன்னீங்க. எம்பொண்ணு பொடவ கஞ்சி போட்டாப்ல வெறச்சு நிக்குதே, எப்படிங்க?"

அறிவரசன் அந்தப் புடவையை வாங்கித் தடவிப் பார்த்தான். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

பேசுவான். பெற்றவளிடம் எத்தனை நாள் கோபம் இருக்கும்? எங்கள் ஆட்களிலேயே ஆண்டிமடம் பக்கம் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறேன். அடுப்படிக்கும் அந்தச் சாம்பல் நிற டைல்ஸையே எடுத்து வைக்கச் சொல்லி அரியமுத்துவுக்குப் போன் செய்துவிட்டேன். வருகிறவள் வழுக்கி விழுந்துவிடக் கூடாது. ஒரு மாமியார் இதையெல்லாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?