முப்பது அடி கேக்

— மாட்டேன் மேடம். வேலை போனாலும் போகட்டும், அந்த கேக் செட் மேல நான் ஏற மாட்டேன்.

— மெதுவாப் பேசுடி பெர்னிஸ், மேக்கப்காரி வாசல்லயே நிக்கிறா. உட்காரு முதல்ல. ஏன் ஏற மாட்டேங்கிறே?

— நேத்து என்கூட ஆடுற ஐடா அதுலேர்ந்து விழுந்தப்ப நீங்க செட்ல இல்ல.

— கால் வழுக்கிடுச்சுன்னு ஹாக்கின்ஸ் சொன்னாரு.

— உதவி டைரக்டர் வேற என்ன சொல்வாரு? அவ வழுக்கல மேடம். கேக்கோட உச்சித் தட்டு சுத்துதுல்ல, அது ரெண்டாவது சுத்துல ஒரு பக்கமாச் சாய்ஞ்சுது. கீழ்த் தட்டுல நின்ன என் காலுக்கே தெரிஞ்சுது.

— உச்சியில நீதானே நிக்கணும்? எனக்கு டூப் நீதானே?

— என் ஷூ வார் அறுந்துபோச்சு. ஒத்திகைதானே, நான் ஏறுறேன்னு அவ ஏறினா. எனக்காக ஏறினா மேடம்.

— அழாதே, மை கரையும். அவ கத்தினாளா?

— கத்தினா. யாருக்குக் கேக்கும்? முன்னாடியே பதிவு பண்ணின பாட்டை அலற விட்டுட்டுத்தானே நாம வாயசைக்கிறோம். அவ வாயைத் திறந்ததும் நல்லாப் பாடுறான்னு நினைச்சுட்டாங்க. பாட்டு முடிஞ்சப்புறம்தான் நிறுத்தினாங்க. இடுப்பெலும்பு போயிடுச்சு.

— அட போடி. நானும் ஆறு வருஷம் பின்வரிசையில ஆடினவதான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

— ஐடா உங்களை விட நல்லா ஆடுவா.

— அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதைப் போய் என் முகத்துக்கு நேரா சொல்றியே.

— மன்னிச்சுக்கோங்க மேடம். பயத்துல வாய் உளறுது. வேலை போகட்டும்னு சொல்லிட்டேனே தவிர, வெள்ளிக்கிழமையோட என் ஒப்பந்தம் முடியுது. இன்னைக்கு ஏறலைன்னா இந்த ஊர்ல எந்த ஸ்டுடியோவும் என்னைக் கூப்பிடாது. ஏறினா செத்துருவேனோன்னு இருக்கு.

— இங்க பாரு. ஹாக்கின்ஸை நான் நேருக்கு நேரா கேட்டேன். என் பொண்ணையே அதுல ஏத்துவேன் லெனோர்னு சொன்னாரு. பத்து வருஷப் பழக்கம், என்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு. அந்த ஷாட்ல உன் முதுகுதானே தெரியும்?

— முதுகு மட்டும்தான். உங்க கவுன், உங்க முடி மாதிரியே பொய்முடி.

— அதே கவுனை நானும் போட்டிருக்கேன். என் முதுகை ஒரு தடவை நானே காட்டிட்டு வர்றேன். நான் ஒரு சுத்து சுத்தி இறங்கினதைப் பாத்தா உன் பயம் போயிடும்.

— வேண்டாம் மேடம்.

— சும்மா இரு. அந்த அங்கியைப் போத்திக்கிட்டு செட் கதவு ஓரமா நின்னு பாரு.

*

— வா பெர்னிஸ், ஏணியில ஏறு. மணி பதினொன்னாச்சு, நூறு பேர் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. திரும்பிக்கூடப் பாக்காம போறியே, கோவமா? ஐடா கவனமா இல்ல, விழுந்தா. நீ கீழ பாக்காம ஏறு. அது மலை மாதிரி நிக்கும். சரி, ரெக்கார்டைப் போடுங்கப்பா. தட்டைச் சுத்துங்க.

— ஹாக்கின்ஸ் சார், நிறுத்துங்க. சாயுது பாருங்க, நேத்து மாதிரியே சாயுது.

— யாரும்மா அது அங்கியைப் போத்திக்கிட்டு? கேமராவை மறைக்காம தள்ளி நில்லு.

— சார், தட்டைப் பாருங்க சார்.

— கொஞ்சம் சாயத்தான் செய்யும். பெர்னிஸ் சமாளிச்சுக்குவா.

— நான்தான் சார் பெர்னிஸ்.

— நீயா? அப்போ மேல யாரு?

— லெனோர் மேடம்.

— நிறுத்து. பாட்டை நிறுத்து, சுத்துறதை நிறுத்து. மேடம், அசையாதீங்க, அப்படியே உட்காந்துடுங்க. நாலு போல்ட்டும் போட்டா தட்டு சுத்த மாட்டேங்குதுன்னு ரெண்டைக் கழட்டி வச்சிருக்கோம்.