மழை உறை யாருக்கு

"பொட்டப்புள்ள, ஒரு மழைக்குத் தாங்குவியா?" எங்கள் வீட்டில் முதலில் படித்து, செந்துறையிலிருந்து அரியலூருக்கு ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பியவள் நான். அப்போது பெரியப்பா கேட்டது இது.

போன வாரம் பெரம்பலூரில் ஒரு கடையில் ரைடிங் ஜாக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் ஜாக்கெட் விலை கட்டுப்படியாகாது என்று துணி ஜாக்கெட்டுகளைப் புரட்டியபோது, பக்கத்தில் கணவருக்கு ஜாக்கெட் எடுக்க அவரோடு வந்திருந்த ஒரு அக்கா கடைக்காரரிடம் சொன்னார்:

"உள்ள இருக்கிற மழை உறையைக் கழட்ட முடியாம தச்சுக் குடுங்கண்ணே."

"தச்சுட்டா வெயில்ல வெந்துருவாரும்மா. கழட்டி மாட்டத்தான் ஜிப் வச்சிருக்கான்."

கணவர் சிரித்தார். "போன ஜாக்கெட்டு உறையக் கழட்டி, ரோட்டுல காயப்போட்ட சோளத்து மேல விரிச்சுட்டா இவ. நான் நனைஞ்சுக்கிட்டே வூடு வந்தேன்."

"சோளம் நனைஞ்சா முளைச்சுரும். நீங்க நனைஞ்சா முளைக்கவா போறீங்க?"

"முளைக்கல. காய்ச்சல்தான் வந்துச்சு."

அக்கா கடைக்காரரிடம் திரும்பி, "வெந்தா வேகட்டும், தச்சுருங்கண்ணே. மழை மானம் கறுத்தா என் கை சும்மா இருக்காது" என்றார்.

எங்கள் வீட்டிலும் சோளம் காய்கிறது. நானும் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். மழை உறையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.