மண்மேட்டோடு மாற்றலாகி வந்தவருக்கு

எல்லாரும் ஏற்க மறுத்த நிலத்தை எங்களை ஏற்க வைத்தவரே! ஏற்ற பின் எங்களைத் தனியே தவிக்க விடாதவரே! சினத்திலும் சிரிப்பை மறவாத எங்கள் நிலச் சீரமைப்பு அலுவலரே! நகராட்சி ஊழியர்களாகிய நாங்கள், தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், வணக்கமும் வாஞ்சையும் கூறி இம்மடலைத் தங்கள் முன் படிக்கிறோம்.

சுரங்கம் மூடி ஒரு தலைமுறை கடந்த பின்னும், அது கக்கிவிட்டுப் போன ஈய மண்மேடு ஊரின் ஓரத்தில் மலைபோல் நின்றது. காற்றடித்தால் அதன் புழுதி சாப்பாட்டுத் தட்டு வரை வந்தது. பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் இருப்பதாக மருத்துவர் சொன்னார். நிலமோ சுரங்கத் துறையுடையது. துறை எங்களைக் கைகாட்டியது. நாங்கள் துறையைக் கைகாட்டினோம். மண்வெட்டி வைக்க எங்களுக்கு உரிமையில்லை, உரிமையுள்ளவர்களுக்கோ மனமில்லை.

அந்நாளில்தான் அத்துறையின் நில அதிகாரியாகத் தாங்கள் எங்கள் மன்றக் கூடத்துக்கு வந்தீர்கள். நிலத்தை நகராட்சிக்கே கொடுத்துவிடலாம் என்று தாங்கள் சொல்லி முடிப்பதற்குள் நகர்மன்றத் தலைவர் எழுந்துவிட்டார்.

"லாபத்தையெல்லாம் நீங்க அள்ளிக்கிட்டு, விஷத்தை எங்க தலையில கட்டுறீங்களா?"

"ஆமாங்க, கட்டத்தான் வந்திருக்கேன். ஆனா தலை தாங்குற மாதிரி கட்டுறேன். என்னென்ன வேணும், சொல்லுங்க."

கூடம் சிரித்தது, கோபம் உட்கார்ந்தது. பழைய பாதிப்புக்குத் துறையே பொறுப்பு, துப்புரவுச் செலவும் துறையுடையதே என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தோம். மூன்றாவதைத் தலைவர் பாதி விளையாட்டாகக் கேட்டார்: "இந்த வேலை தெரிஞ்ச ஆள் இங்க யாருமில்ல. நிலத்தோட உங்களையும் எழுதிக் குடுப்பாங்களா?"

அதற்கு மட்டும் தாங்கள் சிரிக்கவில்லை. சொந்தத் துறையோடு மல்லுக்கட்டி முதல் இரண்டையும் வென்றீர்கள். மூன்றாவதைத் தாங்களே கேட்டு வாங்கி, பதவியில் ஒரு படி இறங்கி, ஒழுகும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தீர்கள். "ஊர்ல எல்லாரும் நல்ல இடமா பார்த்து மாத்தல் கேக்குறாங்க, நீ என்னடி, மண்மேட்டுக்குக் கேக்குற?" என்று தங்கள் அக்கா கடிந்துகொண்டாராம். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அவரே எங்களிடம் சொன்னது இது!

இயந்திரங்கள் மேட்டைக் கிளறியதும் புழுதி கிளம்பியது. பக்கத்துத் தெருப் பெண்கள் வேலையிடத்தின் வாசலை மறித்தார்கள். முன்னால் நின்ற தையல்காரம்மா கேட்டார்: "சும்மா கிடந்ததைக் கிளப்பி விட்டுட்டு, சாயங்காலம் நீங்க உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. நாங்க எங்க போறது?"

காவலரை அழைக்கலாம் என்றார் ஒப்பந்ததாரர். தாங்களோ வேலையை நிறுத்தினீர்கள். "நீங்க கேக்குறது நியாயம்தாம்மா. உங்க தெருவுல வாடகைக்கு வீடு இருக்கா?" என்றீர்கள். அக்காவோடு அங்கேயே குடியேறினீர்கள். திரைகள் கட்டி, தண்ணீர் தெளித்து, லாரிகளை மூடி, மாடிகளில் புழுதி அளக்கும் கருவிகளை வைத்த பிறகே மறுபடி மண் அள்ளினோம். அளவைப் பார்க்கும் பொறுப்பைத் தையல்காரம்மாவே ஏற்றார். சற்றுக் கூடினாலும் முதல் வசவு தங்களுக்குத்தான்!

இன்று தெற்குப் பாதியில் மேடு இல்லை. நல்ல மண் விரித்திருக்கிறோம். சென்ற மாதம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளைங்க ரத்தத்துல ஈயம் குறையுதுங்க, நல்லாவே குறையுது" என்றபோது, தாங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பார்க்காததுபோல் நாங்கள் நடித்தோம். இன்று சபையில் சொல்லிவிட்டோம், பொறுத்தருள்க!

வடக்குச் சரிவு இன்னும் மிச்சமிருக்கிறது. தங்களுக்குப் பின் அது கிடப்பில் விழுமோ என்று எங்களுக்கும் கலக்கம்தான். இன்று காலை அதைச் சொன்னபோது தாங்கள் தந்த விடை இது: "நாளையிலிருந்து நான் உங்க ஆபீசர் இல்ல. அந்தத் தெருவுல குடியிருக்கிறவ. வடக்குச் சரிவு என்னாச்சுன்னு வாராவாரம் வந்து கேப்பேன். பதில் தயாரா வெச்சிருங்க."

வாருங்கள் அம்மா! நோயின்றி, நெடுங்காலம், அதே குரலோடு வந்து கேளுங்கள். கேட்க ஏதுமில்லாத வாரம் ஒன்று வரும்வரை நாங்கள் ஓயமாட்டோம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
நகராட்சி அலுவலக ஊழியர்கள்