எந்தச் சித்தி?

துளசிங்கம்: ...உயிலா? உங்க அப்பாவுக்கா சார்?

ஏகநாதன்: எனக்கு.

துளசிங்கம்: உங்களுக்கா! வயசு இன்னா?

ஏகநாதன்: முப்பத்தொண்ணு.

துளசிங்கம்: தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல இருபது வருஷமா பத்திரம் எழுதிக்கினு கீறேன். இந்த வயசுல ஒருத்தர் கூட... உடம்பு கிடம்பு ஏதாச்சும்...

ஏகநாதன்: நல்லாத்தான் இருக்கேன். என் மனைவியும் நல்லாத்தான் இருந்தா. மூணு நாள் காய்ச்சல். ஆடியில போயிட்டா.

துளசிங்கம்: அடடா... குழந்தை?

ஏகநாதன்: பொண்ணு. ஞானஜோதி. ரெண்டு வயசு.

ஈஸ்வரி: ரெண்டரை, மாமா.

ஏகநாதன்: ரெண்டரை.

துளசிங்கம்: சரி, எழுதிடலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் கூட வேணாம், வெள்ளைப் பேப்பரே போதும். சொத்து இன்னா கீது?

ஏகநாதன்: அஸ்தினாபுரத்துல வீடு. அது பாப்பாவுக்கு. ஆனா அதுக்காக வரல. நானும் இல்லன்னா அவளை யார் வளர்க்கணும்னு எழுதணும்.

துளசிங்கம்: கார்டியன்! அப்படிச் சொல்லுங்க. ஏன், சொந்தக்காரங்க பார்த்துக்க மாட்டாங்களா?

ஏகநாதன்: எல்லாரும் பார்த்துப்பாங்க. அதான் பயம். காரியத்தன்னைக்கே எங்க அண்ணன் ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம்... பாப்பா நடுவுல நின்னு அழுதா.

ஈஸ்வரி: அவங்க அண்ணன் இருக்காரே, பாப்பாவை 'வாடா ராஜா'ன்னு கூப்பிடறார் சார். பொண்ணுன்னே தெரியாது!

ஏகநாதன்: மொட்டை அடிச்சிருந்தோம்.

ஈஸ்வரி: கவுன் போட்டிருந்தாளே!

துளசிங்கம்: ஹஹ... சரி, யார் பேரு எழுத?

ஏகநாதன்: இவ பேரு. சாமுண்டீஸ்வரி. இருபத்திநாலு வயசு.

துளசிங்கம்: குழந்தைக்கு இன்னா முறை?

ஏகநாதன்: சித்தி.

துளசிங்கம்: சித்தி... இருங்க... ம்... படிக்கிறேன், கேளுங்க. 'மேற்படி மைனர் ஞானஜோதிக்கு, என் இரண்டாவது மனைவி சாமுண்டீஸ்வரியை...'

ஈஸ்வரி: ஐயையோ! மனைவியா? சார், சார்... அடிங்க அதை!

துளசிங்கம்: சித்தின்னாரேம்மா!

ஈஸ்வரி: அம்மாவோட தங்கச்சி சித்தி சார். அப்பாவைக் கட்டிக்கிட்ட சித்தி இல்ல!

துளசிங்கம்: பேஜாரா போச்சே. ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையை வச்சிக்கினா நான் இன்னா பண்றது? ஒவ்வொருத்தர் கழுத்தையா எட்டிப் பார்க்க முடியும்?

ஏகநாதன்: தையில அதுவும் ஆகிடும்.

துளசிங்கம்: எது?

ஏகநாதன்: கல்யாணம். எனக்கும் இவளுக்கும். ரெண்டு வீட்லயும் பேசி முடிச்சுட்டாங்க. பாப்பாவுக்கு அம்மா வேணும்னு.

துளசிங்கம்: அட! அப்புறம் ஏம்மா இம்மாம் கூச்சல் போட்ட?

ஈஸ்வரி: ஒண்ணுமில்ல சார்... பேப்பர்ல கேட்டதும்... ஒரு மாதிரி...

துளசிங்கம்: அப்போ தை வரைக்கும் பொறுத்துக்கலாமே சார்?

ஏகநாதன்: தைக்கு மூணு மாசம் இருக்கு. இவ அக்காவுக்கு மூணு நாள்தான் ஆச்சு. போன வருஷமே உயில் எழுதி வைக்கலாமான்னு கேட்டா. நமக்கென்ன வயசாச்சுன்னு சிரிச்சேன். எழுதுங்க.

துளசிங்கம்: ஒண்ணு தெரிஞ்சுக்குங்க சார். நாளைக்குத் தாலியே கட்டினாலும் சட்டத்துல இவங்க அம்மா ஆகமாட்டாங்க. மாற்றாந்தாய்க்குத் தானா உரிமை வராது. அப்பவும் இந்தப் பேப்பர்தான் பேசும்.

ஈஸ்வரி: இருங்க, இருங்க... தாலி கட்டலைன்னா?

துளசிங்கம்: அப்பவும் இதே பேப்பர்தாம்மா. அப்பா கையெழுத்து, ரெண்டு சாட்சி. யாராச்சும் கேஸ் போட்டாலும் கோர்ட்ல முதல்ல இதைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க.

ஈஸ்வரி: மாமா... இது உங்களுக்குத் தெரியுமா?

ஏகநாதன்: இப்பதான் தெரியும்.

துளசிங்கம்: இன்னாம்மா, சம்மதமா? அப்பால மாட்டேன்னு சொல்லக்கூடாது.

ஈஸ்வரி: பாப்பாவுக்குச் சம்மதம் சார். எழுதுங்க. இவரைக் கட்டிக்கச் சம்மதம்னு வீட்ல சொன்னேனே... அதுதான் பொய்.

ஏகநாதன்: நானும் அதே பொய்தான் சொன்னேன்.