இருக்கைக்கு அடியில் இருந்தது

அத்தான்: ...அது மட்டும் இல்ல மாப்ளே, இனிமேதான் விஷயமே. அந்தக் கொக்கியைத் தூக்கு. தூக்கிட்டியா? இப்ப உள்ள பாரு.

மாப்ளே: என்ன அத்தான் இது... உட்கார்ற இடம் பெட்டி மூடி மாதிரி திறக்குது?

அத்தான்: திறக்கும். நானே அறுத்தது. பதினெட்டு வருஷமா ஊர்ல உள்ளவன் பல்லையெல்லாம் குடைஞ்ச கை. ஒரு பாய்மரப் படகைக் குடையாதா?

மாப்ளே: அதானே பார்த்தேன். ஓரமெல்லாம் மழுமழுன்னு இருக்கு.

அத்தான்: கிளினிக்ல இருந்து அந்தக் குட்டி மெஷினை எடுத்துட்டு வந்து தேய்ச்சேன். உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே.

மாப்ளே: நான் ஏன் விடறேன். திங்கக்கிழமை வர்ற பேஷண்டை நினைச்சாதான் பாவமா இருக்கு.

அத்தான்: கிண்டல் பண்ணாதே. பை வைக்க இடமில்ல, பாய் வைக்க இடமில்லன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பா? ஒரு வருஷமா ஏரிப்பக்கமே வராதவ, இன்னிக்கு எப்படியோ சரின்னுட்டா. தண்ணில இறங்கினதும் ரெண்டு பக்கமும் திறந்து காட்டணும். அசந்துடுவா.

மாப்ளே: ரெண்டு பக்கமும் அறுத்துட்டீங்களா?

அத்தான்: ரெண்டும்தான். போன வாரம்... எல்லாம் முடிஞ்சுது.

மாப்ளே: இருங்க. இவ்வளவு இடம் முன்னாடி காலியாவா கிடந்துச்சு?

அத்தான்: எங்கே காலி? மஞ்சளா ஃபோம். கட்டி கட்டியா அடைச்சு வச்சிருந்தாங்க. எலி ஓட்டை வேற. சுரண்டி எடுக்கறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சு போச்சு.

மாப்ளே: எங்கே அது?

அத்தான்: எது?

மாப்ளே: அந்த ஃபோம், அத்தான்.

அத்தான்: நாலு மூட்டை. குப்பை வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு ஏத்திட்டுப் போனார். ஏன், உனக்கு வேணுமா?

மாப்ளே: அத்தான், படகு வண்டியைக் கார்ல மாட்டற அந்தக் கொக்கியை விடுங்க. மாட்ட வேண்டாம். முதல்ல இப்படி உட்காருங்க.

அத்தான்: பிள்ளைங்க ரெண்டும் மாடியில லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு குதிச்சுட்டு இருக்கு. உட்கார எங்கே நேரம்?

மாப்ளே: இந்தப் படகுக்குள்ள தண்ணி புகுந்தா என்ன ஆகும்?

அத்தான்: வாளியால மொண்டு ஊத்துவோம்.

மாப்ளே: மொண்டு ஊத்த படகு மேல இருக்கணும் இல்ல? படகு கவிழாம இருக்க அடியில வச்சிருக்கற இரும்புக் கட்டை எவ்வளவு கனம் தெரியுமா? உள்ள தண்ணி நிறைஞ்சா நேரா அடியில போய் உட்கார்ந்துடும். போகாம தாங்கிப் பிடிக்கிறது அந்த ஃபோம்தான். அதுக்காகவேதான் அங்கே அடைச்சிருக்காங்க.

அத்தான்: நிஜமாவா சொல்றே?

மாப்ளே: விளையாடறேனா நான்?

அத்தான்: நான் ஏதோ... உட்காரும்போது சத்தம் வராம இருக்க வச்சிருக்காங்கன்னு...

மாப்ளே: ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே அத்தான். வாரத்துக்கு நாலு தடவை போன் பண்றீங்க. ஆணி எங்கே வாங்கறதுன்னு கூட கேட்கறீங்க.

அத்தான்: உன்னைக் கேட்டா உங்க அக்காவுக்குப் போயிடும். படகு மேல ரம்பம் வைக்க மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.

மாப்ளே: நல்லா காப்பாத்தினீங்க.

அத்தான்: சரி, சரி... இப்ப என்ன? இன்னிக்கு காத்தே இல்ல. ஓரமாவே போயிட்டு வந்துடலாம். இத்தனை நாள்ல இது ஒரு தடவையாவது கவுந்திருக்கா?

மாப்ளே: கவுந்திருக்கு.

அத்தான்: யார் சொன்னா?

மாப்ளே: யாரும் சொல்லல. நான் உள்ள இருந்தேன்.

அத்தான்: எப்போ?

மாப்ளே: போன வருஷம். நீங்க டாக்டர் மாநாட்டுக்குப் போயிருந்தீங்களே, மூணு நாள்.

அத்தான்: அன்னிக்கு நீயும் உங்க அக்காவும்தானே போனீங்க... மழையில நனைஞ்சுட்டோம்னு...

மாப்ளே: மழை ஏது, வெயில் கொளுத்திச்சு. நடு ஏரியில காத்து திடீர்னு திரும்பிடுச்சு. சாஞ்சு, உள்ள முழுக்க தண்ணி. எப்படியோ நிமிர்த்திட்டோம். ஆனா விளிம்பு வரைக்கும் தண்ணி, நெஞ்சளவுல உட்கார்ந்திருக்கோம். முக்கால் மணி நேரம்.

அத்தான்: அவளுக்கு நீச்சல் தெரியாதே.

மாப்ளே: ஜாக்கெட் இருந்துச்சு. ஆனா இந்தப் படகு ஒரு பக்கமா அமுங்க ஆரம்பிச்சுது. கொஞ்சம் கொஞ்சமா. அக்கா உட்கார்ந்திருந்த பக்கம். அவ கால்ல கயிறு சுத்தியிருந்தது எனக்குத் தெரியல. சறுக்கிட்டா. தலை உள்ள போயிடுச்சு அத்தான். முடியைப் பிடிச்சுத்தான் இழுத்தேன். அப்புறம் ஒரு மோட்டார் படகு வந்துச்சு.

அத்தான்: என்கிட்ட ஒருத்தர்கூட...

மாப்ளே: சொன்னா படகை அன்னிக்கே வித்துடுவீங்கன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா. தான்தான் காரணம்னு வேற நினைச்சுட்டா. நான் வாயை வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம்... கரைக்கு வந்ததும் அவ அழுகையை நிறுத்தறதுக்காக, உன் கனத்துக்கு படகே சாயுதுன்னு கேலி பண்ணிட்டேன். அதை அப்படியே மனசுல வச்சுக்கிட்டா.

அத்தான்: அதான் ராத்திரி சாப்பாட்டை விட்டாளா?

மாப்ளே: அதேதான்.

அத்தான்: மாப்ளே... எந்தப் பக்கம் அமுங்குச்சுன்னு சொன்னே?

மாப்ளே: இடது.

அத்தான்: நல்லா ஞாபகம் இருக்கா?

மாப்ளே: எப்படி மறக்கும்? ஏன் கேட்கறீங்க?

அக்கா: என்ன ரெண்டு பேரும் வண்டியை மாட்டாம மாநாடு நடத்தறீங்க? பிள்ளைங்க கத்தறது காதுல விழலையா? ஏங்க, இப்பவே சொல்லிட்டேன், நான் நடுவுலதான் உட்காருவேன். எந்த ஓரத்துக்கும் வர மாட்டேன்.

மாப்ளே: அக்கா, இன்னிக்குப் போகல.

அக்கா: ஏண்டா?

மாப்ளே: அத்தான்கிட்ட சொல்லிட்டேன். போன வருஷத்து விஷயம்.

அக்கா: ...சொல்லிட்டியா?

மாப்ளே: சொல்ல வேண்டியதாப் போச்சு.

அக்கா: சரி. ஒரு நாள் தெரியத்தானே போகுது. ஏங்க, அவனைத் திட்டாதீங்க. என்னாலதான் ஆச்சு. என் பாரம் தாங்காம அந்தப் பக்கம் அப்படியே இறங்கிடுச்சு. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா, நான் பிழைச்சு என்ன பிரயோஜனம்? ஒன்பது கிலோ குறைச்சுட்டேன். அந்த தைரியத்துலதான் இன்னிக்கு சரின்னு சொன்னேன். இப்ப என்ன, என்னைக் கூட்டிட்டுப் போக பயமா இருக்கா?

அத்தான்: உன் பாரம் இல்லம்மா. போன வாரம் நான் அறுத்தது வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கத்தை மாநாட்டுக்குப் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையே அறுத்துட்டேன். கோணலாப் போச்சு, நீ பார்த்தா சத்தம் போடுவேன்னு, உள்ள இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, மேல பலகையை ரெண்டு ஸ்க்ரூவுல மூடி, மெத்தையை விரிச்சுட்டுப் போயிட்டேன். நீ உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியில... ஒண்ணுமே இல்ல.