இரவல் கொடுக்காதவர்

அமைப்பாளர்: "கொடை வள்ளல்"னு ஆரம்பிக்கிறேன். சரிதானேம்மா?

அண்ணி: என் வீட்டுக்காரரையா? வேண்டாம்மா... ஹால்ல பாதிப் பேரு எங்க தெரு ஆளுங்க. சிரிச்சுடுவாங்க.

தங்கை: ஏன் அண்ணி, எங்க அண்ணனுக்கு என்ன குறைச்சல்?

அண்ணி: மெக்கானிக் கடையில பேனாவைச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்த மனுஷன். ஸ்பானர் இரவல் கேட்டா, "வண்டியை இங்க தள்ளிட்டு வா"ம்பாரு.

தங்கை: பக்கத்து வீட்டு ஏணியை மட்டும் வாங்கிட்டு வந்துடுவான்...

அண்ணி: அது இன்னும் நம்ம வீட்டுலதான் இருக்கு.

அமைப்பாளர்: சரி... "அமைதியானவர்"னு போடட்டுமா?

தங்கை: அவனா? ஹார்ன் சரியா இருக்கான்னு பார்க்க அரை மணி நேரம் அடிப்பான்!

அமைப்பாளர்: பாராட்டு விழாம்மா இது! நல்லதா ஏதாவது சொல்லுங்களேன். சிறப்பு விருந்தினர் வந்தாச்சு.

அண்ணி: கிட்னி ரெண்டு, கல்லீரல், கண்ணு ரெண்டு. அஞ்சு பேருக்குப் போயிருக்கு. அதைச் சொல்லுங்க, போதும்.

அமைப்பாளர்: அது இருக்கு. அடுத்த வரியைக் கேளுங்க... "விபத்துக்கு ஒரு மாதம் முன்பே, தன் உறுப்புகளைத் தானம் செய்ய வேண்டும் என்று மனைவியிடமும் தங்கையிடமும் தனித்தனியே சொல்லி வைத்தவர்..."

அண்ணி: இது... இதை யாரு சொன்னது?

அமைப்பாளர்: உங்க மாமனார்தான். முன் வரிசையில உட்கார்ந்துக்கிட்டு, வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லிட்டிருக்காரு.

தங்கை: எங்க அப்பாவா? அன்னிக்கு ஆஸ்பத்திரியில "என் பிள்ளை மேல கத்தி படக்கூடாது"ன்னு கதவை மறிச்சுட்டு நின்னவரு!

அண்ணி: அந்த வரியை மட்டும் எடுத்துடும்மா.

அமைப்பாளர்: ஐயோ, அதுதானே உயிர்நாடி! கேடயத்துலயே பொறிச்சாச்சு. இருங்க, மைக் சரியா இருக்கான்னு பார்த்துட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன்.

தங்கை: ஏன் அண்ணி உங்களுக்கு இப்படி வேர்க்குது? ஃபேன் உங்க தலைக்கு மேலதான் சுத்துது.

அண்ணி: ஒண்ணுமில்ல.

தங்கை: அண்ணன் உங்ககிட்ட சொன்னதைத்தானே படிக்கப் போறாங்க? பெருமையாக் கேட்டுக்கோங்க.

அண்ணி: உன்கிட்டயும்தான் சொன்னாரே. நீ கேட்டுக்கோ.

தங்கை: குத்திக் காட்டாதீங்க.

அண்ணி: யாரு, நானா? ஒரு வருஷமா என் வீட்டு வாசப்படியை மிதிக்கல நீ...

தங்கை: நீங்க கூப்பிட்டீங்களா?

அண்ணி: எப்படிக் கூப்பிடுவேன்? உன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு... சரி, இன்னிக்காவது சொல்லித் தொலைக்கிறேன். அவரு என்கிட்ட சொல்லவே இல்ல.

தங்கை: என்னது?

அண்ணி: ஒரு வார்த்தை சொல்லல. மூளைச்சாவுன்னுட்டாரு டாக்டர். "தானம் பண்ணுறீங்களா"ன்னு கேட்டதும் எனக்குக் குடுத்துடலாம்னு தோணுச்சு. இவருதான் வீட்டுக்கு வரப் போறதில்ல, வேற யாராவது வீடு திரும்பட்டுமேன்னு... மாமா மசியல. "இது அவரோட ஆசை"ன்னு வாயில வந்துடுச்சு. உடனே நீ "ஆமாப்பா, என்கிட்டயும் சொன்னான்"ன்னே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

தங்கை: அண்ணி...

அண்ணி: இரு, முடிச்சுடறேன். பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தினவகிட்ட மூச்சு விடாம, தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லியிருக்காரே... அந்த எரிச்சல்தான். போனவர்கிட்ட சண்டை போட முடியுமா? உன்கிட்ட முகத்தைத் திருப்பிக்கிட்டேன். ஏன்டி சிரிக்கிறே? ஏய்... அழறியா?

அமைப்பாளர்: கூப்பிடறாங்கம்மா! ரெண்டு பேரும் மேடைக்கு வாங்க... சீக்கிரம், சீக்கிரம்!

அண்ணி: நான் எந்த முகத்தை வெச்சுட்டுப் போவேன்? அவரு நிஜமாவே சொன்னது உன்கிட்டதான். நீ போய் வாங்கிக்கோ.

தங்கை: நான் எங்க அண்ணி போறது! அன்னிக்கு அப்பாவை அசைக்கணுமேன்னு உங்களுக்கு ஒத்து ஊதினேன். அதுக்கப்புறம், பொண்டாட்டிகிட்ட சொன்னவன் கூடப் பிறந்தவகிட்ட சொல்லலியேன்னு ஒரு வருஷமா உங்க மேல கடுப்பு... கையைக் குடுங்க, சேர்ந்தே போவோம். அவன் என்கிட்டயும் சொல்லல.